மேல் அம்பு, என்டர், மேல் அம்பு, என்டர்

டேட்டாபேஸ் லேப்ல உட்கார்ந்த எல்லாருக்கும் இந்தப் பழக்கம் இருக்கும். ஒரு குவெரி அடிப்போம், ரிசல்ட் வரும். இன்னும் மாறலையேன்னு மேல் அம்புக்குறியை அழுத்தி மறுபடி என்டர். அஞ்சு செகண்ட் கழிச்சு இன்னொரு தடவை. பக்கத்துல இருக்கிறவன் பார்த்தா ஏதோ கேம் ஆடுறோம்னு நினைப்பான்.

இந்த வேலையை நமக்குப் பதிலா செய்ய போஸ்ட்கிரெஸ்ஸின் பிஎஸ்கியூஎல்-ல ஒரு கமாண்ட் இருக்கு: \வாட்ச். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எப்படிப் பயன்படுத்துவது என்பதை ரெண்டு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் "ஒரு குவெரியைத் திரும்பத் திரும்ப ஓட்டு" என்ற சின்ன வசதியை ஒரு கமாண்ட்-லைன் கிளையன்ட்டுக்குள் சேர்க்க எவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் சுவாரசியம். போதாததற்கு, இதே கமாண்டை வைத்து நானே எங்கள் சிம்போசியம் ரெஜிஸ்ட்ரேஷனை முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்த கதையும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

(கமாண்டுகளையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில்தான் அடிக்கணும். அப்படியே தமிழில் அடித்துவிட்டு சின்டாக்ஸ் எரர்னு எனக்கு மெசேஜ் போடாதீங்க!)

முதலில் கதை. எங்கள் டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு நாங்களே ஒரு ரெஜிஸ்ட்ரேஷன் சைட் போட்டிருந்தோம், பின்னால் போஸ்ட்கிரெஸ். கோடிங் ஈவென்ட்டுக்கு 40 இடம் வைத்திருந்தோம், 38 நிரம்பிவிட்டது. ஒருங்கிணைப்பாளர் மேம் 60 ஆக்கச் சொன்னார். ராத்திரி ஒன்பதரைக்கு ஹாஸ்டலில் இருந்து பிஎஸ்கியூஎல் திறந்தேன். அப்டேட் ஸ்டேட்மென்ட்டில் 'வேர்' போட மறந்து மொத்த டேபிளையும் மாற்றின அனுபவம் ஏற்கெனவே இருந்ததால், ஜாக்கிரதையாக முதலில் 'பிகின்' அடித்தேன். பிறகு ஈவென்ட் டேபிளில் அந்த ஒரு வரியின் மிச்ச இடத்தை 20 கூட்டினேன். "அப்டேட் 1" என்று வந்தது. சந்தோஷம். அப்படியே அதே விண்டோவில், எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று எண்ணும் குவெரியை எழுதி, கடைசியில் \வாட்ச் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் 38. அரை மணி நேரம் கழித்தும் 38. குரூப்பில் "இன்னும் 20 சீட் இருக்கு, சீக்கிரம்" என்று போட்டும் ஒருத்தரும் வரவில்லை. அப்போதுதான் ஜூனியர் ஒருத்தன் போன் பண்ணினான். "அண்ணா, சைட் சுத்திக்கிட்டே இருக்குதுண்ணா. யாருக்கும் சப்மிட் ஆகல."

"உங்க ஹாஸ்டல் வைஃபைடா அது" என்று வைத்துவிட்டேன். இந்த வரிக்காக அவனிடம் பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. என்ன நடந்தது என்று புரிய, \வாட்ச் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்க்கணும்.

பிஎஸ்கியூஎல்-ல நீங்கள் அடிப்பது ரெண்டு வகை. ஒன்று எஸ்கியூஎல், அது சர்வருக்குப் போகும். இன்னொன்று பேக்ஸ்லாஷில் தொடங்குவது, அதை கிளையன்ட்டே எடுத்துக்கொள்ளும். \வாட்ச் என்று ஒரு வார்த்தை இருப்பதே சர்வருக்குத் தெரியாது. அதைப் பொறுத்தவரை யாரோ ஒருவர் ரெண்டு செகண்டுக்கு ஒருமுறை அதே குவெரியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

நீங்கள் டைப் செய்யும் எஸ்கியூஎல் செமிகோலன் வரும்வரை குவெரி பஃபர் என்ற இடத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். செமிகோலன் வந்ததும் அது சர்வருக்குப் போகும், பஃபர் காலியாகும். ஆனால் கடைசியாக அனுப்பியது என்ன என்பதை ஒரு நகலாக பிஎஸ்கியூஎல் வைத்திருக்கும். \வாட்ச் செய்வது இதுதான்: பஃபரில் ஏதாவது இருந்தால் அதை எடுக்கும், இல்லையென்றால் கடைசியாகப் போன குவெரியை எடுக்கும். எடுத்ததை ஓட்டும், தூங்கும், மறுபடி ஓட்டும்.

செலக்ட் கவுண்ட்(*) ஃப்ரம் பதிவு \வாட்ச் 5

இப்படிப் போட்டால் 5 செகண்டுக்கு ஒருமுறை. எண் கொடுக்காவிட்டால் 2 செகண்ட்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மேலே உள்ள வரியில் \வாட்ச்சுக்கு முன்னால் செமிகோலன் இல்லை, கவனித்தீர்களா? போட்டிருந்தால், செமிகோலனைப் பார்த்ததும் குவெரி ஒருமுறை ஓடிவிடும். அதற்குப் பிறகு \வாட்ச் அதே குவெரியை எடுத்து முதலில் இருந்து ஆரம்பிக்கும். செலக்ட் என்றால் ஒன்றும் ஆகாது, ஒரு ரிசல்ட் கூடுதலாக வரும். இன்செர்ட் என்றால் ஒரு வரி கூடுதலாக விழும். டெஸ்ட் டேட்டா போட இன்செர்ட்டையே \வாட்ச்சில் விடுகிறவர்கள் உண்டு, அவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை.

சரி, லினக்ஸில் ஏற்கெனவே வாட்ச் என்று ஒரு கமாண்ட் இருக்கிறதே, அதில் பிஎஸ்கியூஎல்-ஐ வைத்து ஓட்டினால் போதாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஓடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் பிஎஸ்கியூஎல் புதிதாகத் தொடங்கி, சர்வரோடு புதிதாக இணைந்து, பாஸ்வேர்டு காட்டி, ஒரே ஒரு குவெரி கேட்டுவிட்டு மூடிக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ்ஸில் ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் சர்வர் பக்கம் தனியாக ஒரு புராசஸ் பிறக்கிறது. ஒரு எண்ணைப் பார்க்க ரெண்டு செகண்டுக்கு ஒரு புராசஸைப் பெற்று, கொன்று விளையாடுவது அநியாயம். அதைவிட முக்கியமாக, உங்கள் செஷனில் இருக்கும் விஷயங்கள், அதாவது டெம்பரரி டேபிள், 'செட்' போட்டு மாற்றிய அமைப்புகள் எல்லாம் அந்தப் புதிய கனெக்ஷனுக்குத் தெரியாது. உள்ளேயே ஒரு லூப் இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

அந்த லூப் 2013-இல் வெளியான போஸ்ட்கிரெஸ் 9.3-இல் வந்தது. வெளியீட்டுக் குறிப்பில் வில் லைன்வெபர் என்பவரின் பெயர் இருக்கும். யோசித்துப் பாருங்கள், எவ்வளவோ வருடமாக எல்லாரும் மேல் அம்பை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள்!

இப்போது உள்ளே போகலாம். நீங்களே எழுதினால் எப்படி எழுதுவீர்கள்? தமிழில் எழுதினால் இவ்வளவுதான்:

திரும்பத் திரும்ப:
 தலைப்பில் இப்போதைய நேரத்தைப் போடு
 குவெரியை ஓட்டி ரிசல்ட்டை அச்சிடு
 பிழை வந்தால் வெளியே போ
 சொன்ன செகண்ட் தூங்கு

முதல் வருஷப் பசங்க எழுதிவிடுவாங்க. சிக்கல் எல்லாம் "எப்படி நிறுத்துவது" என்பதில்தான். கன்ட்ரோல்-சி அழுத்தினால் நிற்கணும். ஆனால் அந்த நொடியில் நிரல் எங்கே இருக்கிறது? ஒன்று, குவெரி சர்வரில் ஓடிக்கொண்டிருக்கலாம். இல்லையென்றால், தூங்கிக்கொண்டிருக்கலாம். ரெண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

குவெரி ஓடும்போது அழுத்தினால், கிளையன்ட் மட்டும் வெளியே வந்து பயன் இல்லை. சர்வர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டே இருக்கும். "போதும் நிறுத்து" என்று சர்வரிடம் சொல்லணும். அதை இருக்கிற கனெக்ஷனிலேயே சொல்ல முடியாது, ஏனென்றால் சர்வர் பக்கத்துப் புராசஸ் வேலையில் மூழ்கியிருக்கிறது, நாம் சொல்வதைப் படிக்காது. அதனால் போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு வேடிக்கையான ஏற்பாடு: கிளையன்ட் இன்னொரு புதிய கனெக்ஷனைத் திறந்து, "இந்த எண்ணுள்ள புராசஸ், இதோ அதன் ரகசியச் சாவி, அது இப்போது செய்வதை நிறுத்துங்கள்" என்று ஒரு சீட்டு கொடுத்துவிட்டுப் போய்விடும். அந்த எண்ணும் சாவியும் முதல் கனெக்ஷன் தொடங்கும்போதே சர்வர் கொடுத்து வைத்தவை. ஹாஸ்டல் ரூமுக்குள் ஹெட்போன் போட்டுப் படிப்பவனைக் கூப்பிட வார்டனிடம் போய்ச் சொல்வது மாதிரி.

தூங்கும்போது அழுத்தினால் சர்வரிடம் சொல்ல எதுவுமே இல்லை. தூக்கத்தில் இருந்து எழுந்து லூப்பை விட்டு வெளியே குதிக்கணும். சி மொழியில் இதற்கு சிக்செட்ஜம்ப், சிக்லாங்ஜம்ப் என்று ரெண்டு இருக்கிறது. முதலாவது "இங்கே ஒரு கொடி நடு" என்கிறது. சிக்னல் வந்ததும் ரெண்டாவது நேராக அந்தக் கொடிக்குத் தாவுகிறது. 'கோ டூ' கூடாது என்று நமக்குப் பாடம் எடுத்தவர்கள் இதைப் பார்த்தால் மயங்கி விழுவார்கள். ஆனால் இந்த இடத்தில் வேறு சுலபமான வழி இல்லை.

அதிலும் ஒரு நுணுக்கம். சில சிஸ்டங்களில் 'தூங்கு' என்று சொன்னால், நடுவில் சிக்னல் வந்தாலும் தூக்கம் கலையாது. \வாட்ச் 60 போட்டவர் கன்ட்ரோல்-சி அழுத்திவிட்டு ஒரு நிமிஷம் காத்திருக்கணுமா? அதனால் முதல் வடிவத்தில் தூக்கத்தைத் துண்டுபோட்டார்கள். ஒரு செகண்டுக்கு மேல் ஒரே மூச்சாகத் தூங்காது. எழுந்து, யாராவது நிறுத்தச் சொன்னார்களா என்று பார்த்துவிட்டு, மிச்சத்தைத் தூங்கும். எட்டு மணி கிளாஸுக்கு ஏழு மணியில் இருந்து அலாரம் வைத்து எழுந்து எழுந்து தூங்குகிறோமே, அதே டெக்னிக்.

இன்னொரு முடிவையும் கவனியுங்கள். அந்த வடிவத்தில் குவெரி முடிந்த பிறகுதான் தூக்கம் தொடங்குகிறது. குவெரிக்கே 3 செகண்ட் ஆனால், \வாட்ச் 2 என்று போட்டாலும் சுற்றுக்கு 5 செகண்ட். எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது. சர்வர் ஏற்கெனவே திணறும்போது, கண்காணிக்கிறேன் என்று வந்தவன் ஒரு குவெரி முடிவதற்குள் அடுத்ததைத் திணிக்கக் கூடாது. நம் புராஜெக்ட்டுகளில் டாஷ்போர்டு எழுதும்போது ஜாவாஸ்கிரிப்ட்டில் செட்இன்டர்வல் போட்டு, முந்தின ரிக்வெஸ்ட் திரும்பி வந்ததா என்றுகூடப் பார்க்காமல் அடுத்ததை அனுப்புகிறோமே, அந்தத் தப்பு இங்கே இல்லை.

பேஜர் விஷயமும் உண்டு. ரிசல்ட் பெரிதாக இருந்தால் பிஎஸ்கியூஎல் அதை 'லெஸ்' மாதிரி ஒரு பேஜரில் காட்டும். நாம் 'கியூ' அழுத்தினால்தான் வெளியே வரும். திரும்பத் திரும்ப ஓடும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் 'கியூ' அழுத்தணும் என்றால் மேல் அம்புக்குறியே தேவலை. அதனால் \வாட்ச்சில் பேஜரை அணைத்துவிட்டார்கள். 15-ஆம் பதிப்பில் இதற்கென்று தனியாக ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் கொடுத்து, பிஎஸ்பிஜி மாதிரி, வந்துகொண்டே இருக்கும் ரிசல்ட்டைப் புரிந்துகொள்ளும் பேஜர்களை வைக்க வழி செய்தார்கள்.

அதற்குப் பிறகு வந்தவை சின்னச் சின்ன வசதிகள். 16-இல் எத்தனை தடவை ஓடணும் என்று சொல்லலாம்: \வாட்ச் ஐ=5 சி=10 என்றால் 5 செகண்ட் இடைவெளியில் 10 தடவை. 17-இல் குறைந்தபட்ச வரிகள்: ரிசல்ட்டில் அதைவிடக் குறைவாக வரிகள் வந்தால் தானே நின்றுவிடும். "இன்னும் முடியாத வேலைகளைக் காட்டு" என்ற குவெரிக்கு இது பிரமாதம். வேலை எல்லாம் முடிந்ததும் வாட்ச்சும் முடிந்துவிடும். 18-இல், 2 செகண்ட் என்ற அந்த இயல்பான இடைவெளியையே மாற்றி வைத்துக்கொள்ள ஒரு வேரியபிள். ஒரு லூப் முழுமை பெற பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, பாருங்கள். மைஎஸ்கியூஎல் ஷெல்லிலும் இதே பெயரில் ஒரு கமாண்ட் இருக்கிறது.

ஒரு குறை: \டி மாதிரி பேக்ஸ்லாஷ் கமாண்டுகளை \வாட்ச் பண்ண முடியாது. அவை குவெரி பஃபருக்குள் வருவதே இல்லை. \டி அடித்துவிட்டு \வாட்ச் போட்டால், அதற்கு முன்னால் நீங்கள் அடித்த எஸ்கியூஎல்தான் ஓடும். அது டெலீட்டாக இருந்தால்... சரி, வேண்டாம். தேவைப்பட்டால் பிஎஸ்கியூஎல்-ஐ பெரிய 'ஈ' ஆப்ஷனோடு திறங்கள். \டி பின்னால் சர்வருக்கு அனுப்பும் உண்மையான குவெரியை அது காட்டும். அதை நகலெடுத்து \வாட்ச் செய்யலாம்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஜூனியர் மறுபடியும் போன் செய்தான். இந்தத் தடவை "பேப்பர் பிரசன்டேஷனுக்கும் ஆகலண்ணா" என்றான். அப்போதுதான் ஸ்கிரீனை உண்மையிலேயே பார்த்தேன். என் குவெரியில் எண்ணிக்கையோடு நவ்() என்ற நேரத்தையும் கேட்டிருந்தேன். \வாட்ச் ஒவ்வொரு சுற்றுக்கும் மேலே ஒரு தலைப்பு வரி போடும். அதில் நேரம் இருக்கும். தலைப்பில் நேரம் 10:14 என்று ஓடிக்கொண்டிருந்தது. கீழே நவ்() காலத்தில் 9:32. எல்லாச் சுற்றிலும் 9:32. செகண்டு கூட மாறவில்லை.

தலைப்பில் வரும் நேரம் கிளையன்ட்டின் கடிகாரம். நவ்() சர்வரிடம் இருந்து வருவது. அது தருவது இந்த நொடியை அல்ல, இந்த டிரான்சாக்ஷன் தொடங்கிய நேரத்தை. ரெண்டும் ஒட்டாமல் போகிறது என்றால், நான் இன்னும் ஒரு டிரான்சாக்ஷனுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். 'பிகின்' அடித்தேன். 'கமிட்' அடிக்கவே இல்லை.

மற்றதெல்லாம் தானாகப் புரிந்தது. ஈவென்ட் டேபிளில் அந்த வரியை நான் அப்டேட் செய்து, பூட்டைப் போட்டு, சாவியைப் பாக்கெட்டில் வைத்திருக்கிறேன். ரெஜிஸ்டர் செய்யும் ஒவ்வொருவரும் அதே வரியில் மிச்ச இடத்தை ஒன்று குறைக்கணும். பூட்டு திறக்கும்வரை ஒவ்வொருவரும் வரிசையில் நிற்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் இயல்பாக இதற்கு நேர வரம்பு எதுவும் வைப்பதில்லை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும். நின்றவர்கள் எல்லாம் சைட்டின் கனெக்ஷன் பூலைப் பிடித்துக்கொள்ள, பூல் நிரம்பி, சம்பந்தமே இல்லாத பேப்பர் பிரசன்டேஷனும் படுத்துவிட்டது. நானோ யாராவது வருகிறார்களா என்று, பூட்டிய கதவுக்கு உள்பக்கம் உட்கார்ந்து ரெண்டு செகண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிஎஸ்கியூஎல் இதைச் சொல்லாமல் இல்லை. டிரான்சாக்ஷனுக்குள் இருந்தால் பிராம்ப்ட்டில் ஒரு நட்சத்திரக் குறி வரும். ஆனால் \வாட்ச் ஓடும்போது பிராம்ப்ட்டே வராதே! இன்னொரு விண்டோ திறந்து பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி பார்த்திருந்தால், காத்திருப்பவர்கள் எல்லாம் 'லாக்' என்று காட்டியிருக்கும். பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் என்ற ஃபங்ஷன் யார் தடுக்கிறார்கள் என்று என் புராசஸ் எண்ணையே கையில் கொடுத்திருக்கும். அதையும் என் பழைய விண்டோவிலேயே பார்த்திருந்தால் பிரயோஜனம் இல்லை. அந்தப் புள்ளிவிவர வியூக்கள் டிரான்சாக்ஷன் முடியும்வரை முதலில் எடுத்த படத்தையே திரும்பக் காட்டக்கூடியவை.

'கமிட்' அடித்ததும் எண்ணிக்கை சரசரவென்று ஏறியது. ஒரு நிமிஷம் நிம்மதி. பிறகு பார்த்தால் ஒரே பையன் பெயர் மூன்று தடவை. பாவம், சுற்றுகிறதே என்று ரீஃப்ரெஷ் செய்து செய்து அனுப்பியிருக்கிறான். அவன் பிரவுசர் விட்டுவிட்டாலும் சர்வரில் அவன் டிரான்சாக்ஷன்கள் வரிசையில்தான் நின்றிருக்கின்றன. ரோல் நம்பருக்கு யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் போடாதது யார் என்று கேட்காதீர்கள். டூப்ளிகேட் எல்லாம் எடுத்து முடிக்க மணி ஒன்றரை. 60 இடத்துக்குள் நியாயமாக வந்தவர்கள் ரெண்டு பேர் இந்த டூப்ளிகேட்டுகளால் "இடம் இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்கள். அவர்களை ஆப் லாகில் தேடிப் பிடித்து மறுநாள் நேரில் சேர்த்தோம்.

இப்போது நான் வைத்திருக்கும் பழக்கம்: மாற்றும் விண்டோ வேறு, பார்க்கும் விண்டோ வேறு. \வாட்ச் குவெரியில் நவ்() கண்டிப்பாக இருக்கும், தலைப்பு நேரத்தோடு ஒப்பிட. ஐடில்_இன்_டிரான்சாக்ஷன்_செஷன்_டைம்அவுட் என்று ஒரு அமைப்பு உண்டு, சும்மா திறந்து கிடக்கும் டிரான்சாக்ஷன்களை அது வெட்டிவிடும் என்று சீனியர் ஒருத்தர் சொன்னார். உண்மைதான், ஆனால் என் கேஸில் அது காப்பாற்றியிருக்காது. அது சும்மா இருக்கும் நேரத்தை மட்டும்தான் எண்ணும். என் \வாட்ச் ரெண்டு செகண்டுக்கு ஒருமுறை தட்டி எழுப்பி அந்த எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோயிருக்கும். 17-ஆம் பதிப்பில் வந்த டிரான்சாக்ஷன்_டைம்அவுட் மொத்த டிரான்சாக்ஷனுக்கும் வரம்பு வைப்பது. இந்த வருஷ சைட்டுக்கு அதைத்தான் போட்டிருக்கிறோம், யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட்டோடு சேர்த்து.

போஸ்ட்கிரெஸ் சோர்ஸ் கோடு திறந்தே கிடக்கிறது. பிஎஸ்கியூஎல் ஃபோல்டருக்குள் கமாண்ட்.சி என்ற ஃபைலில் டூ_வாட்ச் என்று தேடுங்கள். கமென்ட்டோடு சேர்த்து ஒரு டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். 9.3-இல் இருந்ததையும் இப்போது இருப்பதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தால் இன்னும் நல்லது.